சித்திர வித்தகர் ரவிவர்மா

நம்மவர் இல்லங்களுள் திருமகள் படமொன்றும் கலைமகள் படமொன்றும் சுவரில் மாட்டப்பெறாத இல்லம் அரிது. தாமரை மலர்மீது பட்டுடுத்து நிற்கும் திருமகளையும், வீணையை மடியில் ஏந்திய கலைமகளையும் நாம் குழந்தைப் பருவந்தொட்டே கண்டு வணங்கி வருதலின், அவ்வுருவங்கள் தொன்றுதொட்டு அவ்வண்ணமே இருந்தன என்று கருதிவிடுகிறோம். அவை நம் வீட்டுச் சுவர்களை அடைந்து ஏறக்குறைய 130 ஆண்டுகளே ஆயின. அவற்றை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் கிளிமானூர் ராஜா ரவிவர்மா ஆவர். அவருடைய சரித்திரத்தை இவ்விதழில் சுருக்கமாக எழுத முன்வந்தோம். அவர் புகழைப் பாடுவது மாத்திரம் நமது நோக்கமன்று. கலையை ஆதரிப்பவர் யார், அவ்வாதரவால் ஒருவர்க்கு உண்டாகும் கௌரவம் எத்தகையது, புதிய சாதனம் ஒன்று தோன்றியவுடன் அக்கௌரவம் எவ்வாறு இடம் பெயர்கிறது என்பவற்றை ஒருவர் வாழ்க்கையிலேயே கண்டு தெளியலாமாகையால் இதனை எழுதலானோம்.

அவர்க்கு முன்னிருந்த நிலையை முதலில் நோக்குவோம். நம் தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசு செலுத்திய இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் சித்திரக்காரர் பலர் அரண்மனை ஆதரவு பெற்று வாழ்ந்தனர். பலகைமீது துணி ஒட்டி, சுண்ணமிட்டுப் புடைப்புச் செய்து, பொன்தகடு பதித்து, இடையிடையே கற்களும் இழைத்துத் தெய்வ உருவங்களை அவர்கள் எழுதினர். அத்தகைய படம் ஒருவர் வீட்டில் இருந்தால், அதில் ஏறிய பொன்னே அவர் செல்வத்துக்குச் சாட்சி கூறும். எழுதினவன் பெயரோ பெரும்பாலும் படத்தில் இராது. தச்சர் தட்டார் போன்று சித்திரக்காரரும் கைத்தொழிலாளராகவே மதிக்கப்பட்டனர். பிரபுக்கள் அவர்களுக்குக் கொடை வழங்கலாம். ஆனால் அவர்கள் தொழிலைத் தாம் செய்தல் தகாது என்பது அக்கால எண்ணம். 1855-ஆம் ஆண்டில் தஞ்சை அரசர் ஆண் சந்ததியின்றி மறைய, கம்பெனியார் அவ்வரசைத் தம் வசமாக்கினர். ஓர் அரண்மனையின் கதவு அடைபட்டால் அதனை நம்பியிருந்த கலைஞர்க்கு வேறு கதவு தேட வேண்டியதாயிற்று. ஒரே மன்னனை நம்பி வாழும் கலையின் வலியும் அதுவே, மெலிவும் அதுவே.

இந்நிலையில், 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் தேதி, திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூர் அரண்மனையில் ரவிவர்மா பிறந்தார். அக்குடும்பம் திருவிதாங்கூர் அரச குலத்தோடு மணவுறவு பூண்ட பெருங்குடும்பம். இளம்பருவத்திலேயே அவர் கரிக்கட்டியால் சுவரெங்கும் யானை குதிரைகளையும் மனிதரையும் வரைவாராம். வேலைக்காரர் அதனைக் குற்றமாக எண்ணினாராயினும், தஞ்சை முறையில் சித்திரம் எழுதப் பழகியிருந்த அவருடைய தாய்மாமன் ராஜராஜவர்மா அக்கோடுகளில் கலையின் முளையைக் கண்டார். தாமே முதற்பாடம் கற்பித்தார். பின்னர் 1862-இல், பதினான்கு வயதுச் சிறுவனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் சமூகத்தில் விட்டார். மகாராஜா அச்சிறுவனுக்கு அரண்மனையில் தங்கவும் சித்திரங்களைக் கண்டு பயிலவும் இடமளித்தார்.

அக்காலத்தில் மேல்நாட்டினின்றும் வந்த எண்ணெய்வர்ணம் நம்மவர்க்குப் புதிது. அதன் மர்மத்தை அறிந்தவர் அவ்வரண்மனையில் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர் ஒருவரே. அவர் தம் வித்தையைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்க இசைந்திலர். வித்தையே அவர்க்குச் சோறும் பதவியும் ஆகையால் அதனை மறைத்தார்; அதற்காக அவரை நாம் பெரிதும் பழித்தல் கூடாது. அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் ஆசிரியர் அறியாமல் இரவில் வந்து ரவிவர்மாவுக்கு வர்ணம் குழைக்கும் முறையைக் காட்டினார் என்று சொல்லப்படுகிறது. இன்று உலகறிந்த ஒரு பெயர்க்குப் பின்னால், அதிகம் அறியப்படாத ஒரு தமிழ்த் தொழிலாளியின் கை இருந்ததென்பதை நாம் மறத்தலாகாது. 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியச் சித்திரக்காரர் மகாராஜாவை எழுத வந்தபோது, அவரும் கற்பிக்க உடன்படவில்லை. தாம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாத்திரம் அனுமதித்தார். ஆக, ஒருவரிடம் மறைவாகவும், ஒருவரிடம் கண்ணாலும், மிகுதியைத் தம் கைத்தவறுகளாலும் ரவிவர்மா கற்றுக்கொண்டார்.

எண்ணெய்வர்ணம் செய்த புதுமை யாது? பட்டின் மினுக்கையும், நகையின் ஒளியையும், மேனியின் மென்மையையும், கண்ணின் ஈரத்தையும் அது உள்ளவாறே காட்டிற்று. தஞ்சைச் சித்திரக்காரன் பொன்னைப் பொன்னால் காட்டினான். ரவிவர்மாவோ ஒரு குன்றிமணிப் பொன்னும் இன்றி, மஞ்சளும் வெள்ளையும் கலந்த வர்ணத்தாலேயே காசுமாலையை ஒளிரச் செய்தார். பொன்னை ஒட்டிய காலம் போய்ப் பொன்னை எழுதும் காலம் வந்தது. படத்தின் விலை அதிலுள்ள சரக்கினின்றும் நீங்கி, எழுதினவன் கையைப் பற்றியதாயிற்று. அதனோடு எழுதினவன் பெயரும் வெளிப்படலாயிற்று. இன்னார் எழுதிய படம் நம்மிடம் உண்டு என்று சொல்லிக்கொள்வதே இனிப் பெருமை என்று செல்வர் எண்ணத் தொடங்கினர்.

ஆயினும் உயர்குடிப் பிறந்த ஒருவர் கூலி பெற்றுச் சித்திரம் எழுதுவது எளிதில் பொறுக்கப்படும் செயலன்று. 1866-இல் ரவிவர்மா மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பெண்ணை மணந்திருந்தார். அப்பெண்மணியின் தமக்கையோ திருவிதாங்கூர் மூத்த ராணி. இத்தகைய சம்பந்தமுடையவர் பிறர் வீட்டு வாயிலில் தூரிகையுடன் நின்று பணம் வாங்குவதா என்று முணுமுணுத்தோர் பலர். ரவிவர்மா 1870-இல் கொல்லூர் மூகாம்பிகை சந்நிதிக்குச் சென்று விரதமிருந்து திரும்பும்போது, கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டுக் கிருஷ்ண மேனோன் என்பாருடைய குடும்பத்தினரை எழுதிக் கொடுத்து ஊதியம் பெற்றார். அதுவே அவர் பெற்ற முதற்கூலி. அவ்வூதியத்தை ஏற்ற கணத்தில் அவர் தம் குலத்தின் ஒரு கட்டளையை மீறினார். இழந்த கௌரவத்தைக் கலையாலேயே மீட்டார். தொழில் மனிதனைத் தாழ்த்துவதில்லை, மனிதனே தொழிலை உயர்த்துகிறான் என்னும் உண்மைக்கு அவர் வாழ்க்கை சான்றாயிற்று.

அவ்வுயர்வுக்குத் துணைபுரிந்தது பொருட்காட்சி என்னும் புதிய சபை. 1873-இல் சென்னைப் பொருட்காட்சியில், கூந்தலுக்கு மல்லிகை சூட்டும் நாயர் மாதின் சித்திரம் கவர்னர் தங்கப் பதக்கம் பெற்றது. அது வியன்னா நகரப் பொருட்காட்சியிலும் பாராட்டுப் பெற்றது. அடுத்த ஆண்டு, சுரபத்து வாசிக்கும் தமிழ்ப் பெண்மணியின் சித்திரம் பரிசு பெற்றது. பின்னர் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசர்க்கு அது காணிக்கையாயிற்று. 1876-இல், துஷ்யந்தனுக்கு ஓலை எழுதும் சகுந்தலையின் படத்தைச் சென்னைக் கவர்னர் பக்கிங்காம் பிரபு விலைக்கு வாங்கினார். முன்பு ஒரு மன்னன் மனம் மகிழ்ந்தால் போதும். இப்போதோ, நடுவர் தீர்ப்பும், செய்தித்தாளின் புகழ்ச்சியும், ஆயிரம்பேர் கண்ணும் கலைஞனுக்குச் சாட்சிகள் ஆயின.

இதன் பயன் விரைவிலேயே புலப்பட்டது. 1880-இல் ஆயில்யம் திருநாள் காலஞ்சென்றார். அடுத்துப் பட்டமேறிய விசாகம் திருநாளுக்கும் ரவிவர்மாவுக்கும் மனப்பொருத்தம் இல்லை. பழைய காலமாயின் அதனோடு ஒரு கலைஞன் வாழ்வு முடிந்திருக்கும். ஆனால் அவர் பெயர் அதற்குள் நாடெங்கும் பரவியிருந்தது. கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய ஸர் டி. மாதவராவ் அவரைப் பரோடாவுக்கு வருவித்தார். அங்கே 1881-இல், பட்டமேற்ற இளைஞர் சயாஜிராவ் மகாராஜாவை ரவிவர்மா எழுதினார். 1888-இல், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த லக்ஷ்மி விலாச அரண்மனைக்காகப் புராண இதிகாசக் காட்சிகள் பதினான்கை எழுதித் தருமாறு மகாராஜா பணித்தார். ரவிவர்மாவும் அவர் தம்பி சி. ராஜராஜவர்மாவும் வடநாட்டில் பல இடங்கள் சுற்றி, ஆடை அணிகளையும் நிலக்காட்சிகளையும் கண்டுவந்து அப்பணியை முடித்தனர். அரண்மனையில் மாட்டப்படுமுன் அப்படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பம்பாயில் மக்கள் திரள் திரளாக வந்து கண்டனர். தம் தெய்வங்களும், நளனும் தமயந்தியும், உயிருடன் நிற்பவர்போல் நிற்பதை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை.

அது முதல், ரவிவர்மா எழுதிய உருவப்படம் ஒன்று கொலு மண்டபத்தில் இல்லையெனில் குறைவு என்று சமஸ்தானாதிபதிகள் நினைக்கலாயினர். உதயபுரத்தினின்றும் மைசூரினின்றும் அழைப்புகள் வந்தன. கடிதங்கள் மிகுந்ததனால் கிளிமானூருக்கென்றே ஒரு தபாலாபீஸ் திறக்க நேர்ந்தது என்பர். 1893-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு, இந்தியப் பெண்மணிகளைப் பற்றிய பத்துப் படங்களை அனுப்பிப் பதக்கங்கள் பெற்றார்.

இங்கேதான் அவர் சரித்திரத்தின் திருப்புமுனை. ஒருவர் கையால் எத்தனை படம் எழுத இயலும்? ஒரு மன்னர்க்குக் கொடுத்தால் மற்றொருவர்க்கு இல்லை. மன்னரல்லாதார்க்கோ நினைக்கவும் இயலாது. இதனையறிந்த மாதவராவ், தேர்ந்த படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வர்ண அச்சில் பதிப்பித்தால் நாட்டுக்கு நன்மையாகும் என்று முன்பே யோசனை கூறியிருந்தார். ரவிவர்மா அதனினும் ஒருபடி மேற்சென்று, 1894-இல் பம்பாயில் தாமே அச்சுக்கூடம் நிறுவினார். ஜெர்மனியினின்றும் யந்திரங்களும் தொழில் வல்லுநரும் வந்தனர். ஓலியோகிராப் எனப்படும் அவ்வச்சு கல்லச்சில் ஒரு வகை. ஒரு படத்தை அதன் வர்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கல் அமைத்து, அதே காகிதத்தை ஒவ்வொரு கல்லின்மீதும் சிறிதும் பிசகாமல் வைத்து மறுபடி மறுபடி அச்சிடல் வேண்டும். இறுதியில் மெருகெண்ணெய் பூசினால் எண்ணெய்வர்ணச் சித்திரம்போலவே தோன்றும். சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம் முதலில் அச்சேறிற்று. திருமகளும் கலைமகளும் தொடர்ந்தனர்.

அதன் விளைவை ரவிவர்மாவே முழுதும் எதிர்நோக்கியிருப்பாரோ என்பது ஐயம். மன்னர்க்கெனப் பிறந்த திருமகள் மளிகைக் கடைக்கும், குமாஸ்தா வீட்டுக்கும், உழவன் திண்ணைக்கும் எழுந்தருளினாள். அக்காலத்தில் எத்தனையோ சமூகத்தார் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். மூலஸ்தானத்தில் ஒளிரும் தீபத்தைத் தூரத்திலிருந்து காணவும் உரிமையற்றிருந்த ஒருவன், தன் குடிசைச் சுவரில் தெய்வத்தை நேருக்கு நேர் கண்டு கற்பூரம் காட்டலானான். கோயில் அவனை அழைக்கவில்லை. படம் அவனிடம் சென்றது. காகிதத்தில் தீட்டு இல்லை. இதற்குப்பின் நாற்பதாண்டு கழித்து, 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனத்தைச் சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்டார். அவர் ரவிவர்மாவின் கொள்ளுப்பேரர். ரவிவர்மாவின் பேத்திகள் இருவர் 1900-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் தத்தெடுக்கப்பட்டனர். அவருள் சேது பார்வதி பாய் என்பாரே சித்திரைத் திருநாளின் அன்னை. பாட்டனார் படத்தை வெளியே அனுப்பினார். கொள்ளுப்பேரர் மனிதரை உள்ளே அழைத்தார். இவ்விரண்டுக்கும் நேரான காரண காரியத் தொடர்பு உண்டென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நினைக்கும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

எல்லார் வீட்டிலும் ஒரே படம் வந்துவிட்டால் செல்வர் தம் பெருமையை எதனால் காட்டுவர்? அதற்கும் வழி கண்டனர். செட்டிநாட்டுப் பெருவீடுகள் முதலியவற்றில், ரவிவர்மாவின் அச்சுப்படத்தை வாங்கி, அதிலுள்ள புடவைமீது மெய்யான பட்டுத்துணி வெட்டி ஒட்டியும், ஜரிகையும் சமிக்கியும் மணியும் வைத்துத் தைத்தும், கண்ணாடியிட்டுச் சட்டம் கோத்தும் மாட்டினர். எழுதிய பட்டின்மீது நெய்த பட்டு ஏறிற்று. படத்தைவிட்டு ஒருமுறை நீங்கிய சரக்கின் பெருமை மறுபடியும் வந்து அதன்மேல் அமர்ந்தது. மனிதர் கௌரவ ஆசை, ஒரு வாயில் அடைபட்டால் மறுவாயிலில் புகும் இயல்புடையது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

மக்களுக்கு நன்மையான அச்சுக்கூடம் அதை நிறுவினவர்க்கு நஷ்டமாயிற்று. சித்திரம் எழுதும் கை கணக்கு எழுதும் கையாக இல்லை. பம்பாயைப் பிளேக் நோய் அலைக்கழித்தது, கடனும் பெருகிற்று. அச்சுக்கூடம் லோனாவாலாவை அடுத்த மளவலிக்கு மாற்றப்பட்டது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், தம்மிடம் தொழில் வல்லுநராயிருந்த ஷ்லைகர் என்னும் ஜெர்மானியர்க்கே, பல படங்களை அச்சிடும் உரிமையுடன் அதனை ரவிவர்மா விற்றுவிட்டார். தாம் பெற்ற திருமகளை அவர் பிறர் கையில் ஒப்புவித்தார். அவளோ அவர் பெயரைச் சுமந்துகொண்டு நாடெங்கும் நடந்தாள். 1904-இல் சர்க்கார் அவர்க்குக் கெய்ஸரி ஹிந்து தங்கப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தனர். 1905-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பயணத்திலும் தூரிகையிலும் பிரியாத துணைவராயிருந்த தம்பி மறைந்தார். மைசூர் மகாராஜாவுக்குரிய புராணப் படங்களை மனச்சுமையுடன் முடித்துக் கொடுத்த ரவிவர்மா, நீரிழிவினால் மெலிந்து, 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி கிளிமானூரில் தமது 58-ஆம் வயதில் காலஞ்சென்றார்.

அவருக்குப்பின் அவர் புகழ் ஏறியும் இறங்கியும் வந்தது. ஈழத்துத் தமிழர் ஸர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய ஆனந்த குமாரசுவாமி முதலிய அறிஞர், ரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடை மாந்தர் போன்றன, மேல்நாட்டு முறைக்கு அடிமைப்பட்டன என்று கண்டித்தனர். அக்கண்டனத்தில் உண்மை இல்லையென்று நாம் கூறோம். ஆயினும் கோடிக்கணக்கானோர் அப்படங்களின் முன் விளக்கேற்றினர் என்பதும் உண்மையே. அவ்வச்சுக்கூடத்தில் தொழில் பழகிய பால்கே, 1913-இல் ராஜா ஹரிச்சந்திரா என்னும் சலனப்படத்தை வெளியிட்டு, அசையாத தெய்வங்களை அசையச் செய்தார். நம் கோவில்பட்டியில் கொண்டையராஜு முதலியோர் எழுதிய தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டராக்கின. மன்னர் கொடுத்த சித்திரப் பரிசில் போய், ஜவுளிக்கடையார் புத்தாண்டுக்கு இனாமாக வழங்கும் காலண்டர் வந்தது. மளவலி அச்சுக்கூடம் 1972-இல் தீக்கிரையாயிற்று. 1979-இல், ரவிவர்மாவின் சித்திரங்கள் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாத கலைச்செல்வம் என்று இந்திய சர்க்கார் விதித்தனர். அவர் கையால் எழுதிய யசோதையும் கண்ணனும் என்னும் படம் 2023-இல் 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. பிரதிகள் மலிந்ததனால் மூலத்தின் மதிப்புக் குறையவில்லை. எல்லாரும் அறிந்த படமாதலாலேயே அதன் மூலம் இத்துணை விலை பெறுகிறது.

நேயர்களே! இச்சரித்திரத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? நம் சங்க மண்டபங்களில் பெரியோர் திருவுருவப் படங்களைத் திறந்துவைத்து விழாக் கொண்டாடுகிறோம். கொலு மண்டபத்தில் மன்னர் படம் மாட்டிய வழக்கத்தின் தொடர்ச்சியே அது. ஆனால் திறந்துவைத்தவர் பெயரையும் நன்கொடையாளர் பெயரையும் கல்லில் பொறிக்கும் நாம், அப்படத்தை எழுதியவர் பெயரை எங்கேனும் ஒரு மூலையிலாவது குறிக்கிறோமா? முன்பு சில மன்னர் கையில் இருந்த ஆதரவு இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. கல்யாணப் பந்தலுக்கும் வண்ண விளக்குக்கும் ஒரே நாளில் செலவிடும் பொருளில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, சித்திரம் பழகும் ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு வர்ணமும் காகிதமும் ஓராண்டுக் கல்விச் சம்பளமும் அளிக்கலாகாதா? சுவரில் கரிக்கோடு இழுக்கும் குழந்தை நம் வீட்டிலும் இருக்கலாம். கைத்தொழில் நம் குலத்துக்குத் தாழ்வு என்று அதனை அடக்காமல், கிளிமானூர்த் தாய்மாமன்போல் அக்கோட்டை ஒருமுறை நின்று பார்ப்போமாக. அக்குழந்தைக்கு வர்ணம் குழைக்கக் கற்றுக் கொடுக்கும் ஆறுமுகம் பிள்ளைகளையும் இருளில் வரவிடாமல், பகலிலேயே வாயில் வழியாக மரியாதையுடன் வரவேற்போமாக.